அம்மாவின் முழுப் பை மூச்சு

எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் புகழ வேண்டுமென்றால், "அவள் தட்டை" என்பார்கள். அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. எங்கள் ஊரான கும்பள்ளத்தின் அடியில், தலைக்கு மேல் இத்தனை காற்று குவிந்து அமுக்கிக்கொண்டிருக்கும்போது, தட்டையாக இல்லாமல் வேறு எப்படித்தான் இருக்க முடியும் என்று கேட்கலாம். ஆனால் அதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. என் அம்மா கொதும்பா ஆறு காலையும் மடக்கிப் படுத்தால் தரையோடு தரையாகிவிடுவாள். தெரியாமல் அவள் மேல் நடந்து போனவர்கள் உண்டு. அப்படி நடந்து போனவர்களில் ஒருவர்தான் என் அப்பா நூத். மன்னிப்புக் கேட்க வந்தவர் திரும்பிப் போகவில்லை.

எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. என் முதுகு ஓட்டின் நடுவில் ஒரு சின்ன மேடு. சின்னதுதான், ஒரு கால் பாதம் அளவு. அதை அடக்க அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. வளரும் வயதில் என் மேல் கல்லை ஏற்றிவைத்துத் தூங்கச் சொன்னாள். கல் தேய்ந்ததே தவிர மேடு தேயவில்லை. பெண் அமுக்க வந்த மூன்று வீட்டாரும் முறைப்படி என் முதுகை அமுக்கினார்கள். மேட்டின் மேல் கால் பட்டதும் "ம்" என்றார்கள். பிறகு ஈயக் களியை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிப் போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மூணாவது வந்தவங்க களியை ரெண்டு தடவை வாங்கித் தின்னாங்க," என்று அம்மா அடிக்கடி சொல்வாள். சம்பந்தம் போனதைவிடக் களி போனதுதான் அவளுக்கு வருத்தம் என்று அப்பா நினைத்தார். அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் கயிற்றடியில் வேலை செய்தேன். பள்ளத்துக்கும், மலைச்சரிவின் உச்சியில் இருக்கும் சீத்திட்டுக்கும் நடுவே ஒரு நீளக் கயிறு தொங்குகிறது. இங்கிருந்து ஈயம் மேலே போகும், அங்கிருந்து உப்பு கீழே வரும். மூட்டை கட்டியாயிற்று என்றால் கயிற்றை இரண்டு முறை இழுக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஒரு நாள் மேலேயிருந்து மூன்று இழுப்பு வந்தது. தவறு என்று நினைத்தேன். மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாள் நானும் மூன்று இழுத்தேன், சும்மா, என்னதான் ஆகிறது என்று. மேலே கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு அந்த நீளக் கயிறு முழுவதும் மெல்ல நடுங்கிக்கொண்டு வந்தது. மேலே எவனோ ஆறு காலையும் கயிற்றில் சுற்றிக்கொண்டு சிரித்திருக்கிறான். என் பாதத்துக்கு அந்தச் சிரிப்பு அப்படியே வந்து சேர்ந்தது. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கயிற்றில் ஈயமும் உப்பும் தவிர வேறு எதுவும் வந்ததில்லை.

பிறகு மூட்டைகளில் சேதி போய் வந்ததில் தெரிந்தது, அவன் பெயர் இசீல். திட்டுக்காரன். அதாவது லேசானவன், உருண்டையானவன், அழுத்தம் போதாத இடத்தில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் இதெல்லாம் வசைச் சொற்கள். வீட்டில் நான் விஷயத்தைச் சொன்னபோது அம்மா வெகுநேரம் களி கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"ஊதிப்போனவனா கெடச்சான் ஒனக்கு?" என்றாள் கடைசியில்.

நான் சாப்பிடாமல் படுத்தேன். எங்கள் ஊரில் சாப்பிடாவிட்டால் உடம்பு இன்னும் தட்டையாகும் என்பதால், முதல் இரண்டு நாள் அம்மாவுக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சிதான். மூன்றாம் நாள்தான் பயந்தாள். ஆள் வரட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

இங்கே எங்கள் முறையைச் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம். ஒரு வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் வெறுங்காலோடு போவதில்லை. தங்கள் வீட்டு அடுப்புக்கு மேல் எழும் மூச்சை, நுங்கன் என்கிற பிராணியின் வயிற்றுப் பையில் பிடித்துக் கட்டிக்கொண்டு போவார்கள். எந்த வீட்டு மூச்சு எப்படி மணக்கிறது என்பதை வைத்துத்தான் குடும்பத்தை எடை போடுவது. பேச்சு முடிந்தபின், பெண்ணின் அம்மா தன் வீட்டு மூச்சைத் தன் இடுப்பிலே கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். அந்தப் பையின் முடிச்சை அவள் மட்டும்தான் அவிழ்க்கலாம். எந்த இடத்தில் அவிழ்க்கிறாளோ அந்த இடம்தான் பெண்ணுக்கு வீடு. அதில் மறுபேச்சு கிடையாது. மொக்டா அத்தையின் அம்மா, வழியில் ஈயக் கிடங்கில் இளைப்பாறும்போது தும்மித் தொலைத்துக் கால் இடறி முடிச்சை இழுத்துவிட்டாள். மொக்டா அத்தை இன்றைக்கும் ஈயக் கிடங்கில்தான் குடியிருக்கிறாள். நான்கு பிள்ளைகள். மாமா முதலில் அழுதாராம், இப்போது பழகிவிட்டது.

முடிச்சு அவிழாமல் பை வழியிலேயே கிழிந்துவிட்டால் கதை வேறு. வீடு பெண்ணை விட மறுத்துவிட்டது என்று அர்த்தம். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. பெண் திரும்பி வந்து பழைய கல்லின் கீழ் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இசீலும் அவன் தாய்மாமன் ஹிலுவும் ஓர் இறுக்கத்தின் ஆரம்பத்தில் வந்து சேர்ந்தார்கள். பெருங்கல் சாமி நம் எல்லார் மேலும் உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் நாம் பறந்து போகாமல் இருக்கிறோம், அவர் அழுத்தி உட்காரும்போது இறுக்கம், கால் மாற்றி உட்காரும்போது தளர்ச்சி என்று எங்கள் பூசாரி சொல்வார். நாளுக்கு இரண்டு தடவை கால் மாற்றுகிறாரே, சாமிக்கு இடுப்பு வலியா என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். எப்படியோ, சரிவில் ஏறுவதும் இறங்குவதும் இறுக்கத்தில்தான். தளர்ச்சியில் சரிவில் நின்றால் மூட்டெல்லாம் கழன்று ஆடும்.

ஹிலு மாமா ஊரிலேயே பெரிய நுங்கன் பையை வாங்கி, விளிம்பு வரை நிறைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தார். எங்கள் வாசலுக்கு வந்தபோது அது ஒரு கொட்டை அளவுக்குச் சுருங்கி, கிழட்டு நுங்கனின் தாடை போல் தொங்கியது. அம்மா அதை ஒரு காலால் தொட்டாள். இன்னொரு காலால் தொட்டாள். மீதி எங்கே என்று தேடுவது போல ஹிலு மாமாவின் இடுப்பைச் சுற்றி மூன்றாவது காலையும் ஓட்டினாள்.

"வழியில யாருக்காச்சும் குடுத்துட்டு வந்தீங்களா?"

"நெறச்சுத்தாங்க கட்டினோம்," என்றார் ஹிலு மாமா, அமுக்கம் தாங்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு. "கீழ வர வர அதுவாவே சுருங்கிப் போச்சு."

"சுருங்கும், சுருங்கும். எங்க வீட்டுக்கு வர்ற வழியில எல்லாருக்கும் மனசுகூடத்தான் சுருங்குது."

அப்பா அதற்குள் களியை எடுத்துவைத்துவிட்டார். சண்டை வரும்போதெல்லாம் சாப்பாடு எடுத்துவைப்பது அவர் வழக்கம். எங்கள் வீட்டில் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

இசீல் ஓரமாக ஒடுங்கிக் கிடந்தான். மேலே அவன் எப்படியோ தெரியாது, எங்கள் பள்ளத்தின் அமுக்கம் அவனைப் பிசைந்து களி அடை போல ஆக்கியிருந்தது. பாவம், வாய் பேச முடியவில்லை. அம்மா போகிற போக்கில் அவன் ஓட்டின் மேல் ஒரு காலை வைத்து அளந்தாள்.

"உருண்டைன்னு சொன்னாங்க. அவ்ளோ மோசமில்லயே," என்று அப்பாவிடம் கிசுகிசுத்தாள்.

பிறகு அவன் என் முதுகை அமுக்க வேண்டிய நேரம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவன் கால் மெல்ல வந்து, மேட்டின் மேல் பட்டு, நின்றது. "ம்" வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"இது எங்க ஊர்ல எல்லாருக்கும் மூணு இருக்கும்," என்றான் மூச்சுத் திணறி. "ஒனக்கு ஒண்ணுதானா?"

அப்போதே என் முடிவு உறுதியாகிவிட்டது, கட்டினால் இவனைத்தான் என்று. அம்மாவும் களி கிண்டுவதை நிறுத்தினாள். அவளுக்கும் அது காலில் விழுந்தது என்று நினைக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பேச்சு முடிந்தது. கிளம்பும்போது ஹிலு மாமா வாசலில் நின்று, "சம்பந்தி, நீங்க வரும்போது கால் பை போதும்," என்றார். "அதுக்கு மேல வேண்டாம். மேல போகப் போகப் பெருக்கும்."

நல்ல மனுஷர். உண்மையைச் சொன்னார். ஆனால் எங்கள் பள்ளத்தில் யாரும் இன்னொருவர் வீட்டு வாசலில் உண்மையைச் சொல்வதில்லை. "எதுக்கு இதெல்லாம்", "கொஞ்சம் போதும்", "வெறுங்கால வந்தாலே சந்தோஷம்" என்று சொல்வோம். கேட்பவர்கள் அதற்கு, நிறையக் கொண்டு வா என்று பொருள் எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொள்ளாதவர்களைப் பற்றி மூன்று தலைமுறைக்குப் பேசுவோம்.

"கால் பையாம்," என்றாள் அம்மா அவர்கள் போனதும். "எவ்ளோ நாசூக்கா கேக்குறாங்க. நான் முழுசா நெறச்சுட்டுப் போறேன். அவங்க கொண்டாந்த கொட்டைக்கு நம்ம மூச்சு என்னன்னு தெரியணும்ல."

உப்பு மூட்டைகள் மேலேயிருந்து வரும்போது எப்படிச் சுருங்கி வருகின்றன என்று நான் தினமும் தொட்டு அறிகிறவள். கீழே சுருங்குவது மேலே பெருக்கத்தானே செய்யும் என்று அம்மாவிடம் எத்தனையோ விதமாகச் சொன்னேன். எனக்கு இப்போதே அந்த வீட்டுப் புத்தி வந்துவிட்டது என்று அவள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். நான் கயிற்றில் சேதி அனுப்பினேன். இசீல் உப்பு மூட்டையில் ஒரு கல் பலகை வைத்து அனுப்பினான். அதில் கீறியிருந்தது: கால் பைதான், தயவுசெய்து.

அம்மா அந்தக் கீறலை மூன்று தடவை தடவினாள். "தயவுசெய்துன்னு வேற போட்டிருக்கான். எவ்ளோ ஆசை அந்தப் புள்ளைக்கு."

பையை நிறைக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. கந்தகக் கூழும் ஈயக் களியும் மாறி மாறிக் கொதித்தன. வீட்டில் இருந்த ஒவ்வொரு நல்ல மணமும் அந்தப் பைக்குள் போயிற்று. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் அவர் கிண்ணத்திலிருந்து எழும் ஆவியைக்கூட விடவில்லை. நான் ஒரு முறை ஒளிந்து முடிச்சைத் தளர்த்தப் போனேன். தாய்முடிச்சில் கால் வைத்தால் தாய்க்குத் தெரியாமல் இருக்குமா?

"ஏண்டி, என்னை அவமானப்படுத்தவா?"

"வெடிச்சுடும்மா. வெடிச்சா எல்லாம் போச்சு."

"வெடிக்காது. நான் கட்டினது." பிறகு, முதுகைத் திருப்பிக்கொண்டு, குரல் இறங்கிச் சொன்னாள்: "அங்க மேல வந்து போறதெல்லாம் என்னால ஆகாது தூமரு. ஒரு தடவை வர்றேன். அதுக்கப்புறம் ஒனக்கு நம்ம வீட்டு வாசம் எங்கேருந்து வரும்? தீராம இருக்கட்டும்னுதான் நெறக்கிறேன்."

சண்டை போடும் அம்மாவை எதிர்க்கலாம். இப்படிப் பேசும் அம்மாவை என்ன செய்வது? பள்ளத்துக்காரர்கள் திட்டுக்கு இரண்டாம் தடவை போனதாகக் கதையில்கூடக் கிடையாது. முதல் தடவையே உடம்பு ஊதி மூட்டு கழன்று வந்து படுத்துவிடுவார்கள். நான் இளையவள், பழகிக்கொள்வேன். அம்மா பழக மாட்டாள்.

புறப்படும் நாள் வந்தது. சீதனமாக எங்கள் உப்புப் பானையையும் எடுத்துக்கொண்டோம். முன்பு ஒரு தடவை மேலேயிருந்து விழுந்த உலோக உருண்டை அது. சாமி அனுப்பியது என்று பூசாரி கொண்டாடினார். எங்கள் ஊரின் அரை இறுக்கத்தைக்கூடத் தாங்காமல் அது நசுங்கிப்போனதும் கொண்டாட்டத்தை நிறுத்திக்கொண்டார். யார் செய்ததோ, வேலை தெரியாதவர்கள். ஆனால் உப்புப் போட்டு வைக்க நல்ல பானை.

இறுக்கம் தொடங்கியதும் கிளம்பியிருக்க வேண்டும். அம்மா கிளம்பவில்லை. இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு தெருவின் ஒவ்வொரு வாசலிலும் நின்று, சொல்லிக்கொள்ளாமல் போகிறாளே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றாள். உண்மையில் ஒவ்வொருவரும் பையைத் தொட்டுப் பாராட்ட வேண்டும். மொக்டா அத்தை கிடங்கிலிருந்து வந்து, "எங்கயும் தும்மிடாதீங்க அண்ணி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரிவுப்பாதை கயிற்றை ஒட்டியே ஏறுகிறது. முன்னால் அப்பா உப்புப் பானையோடு, நடுவில் அம்மா, பின்னால் நான். கால் பங்கு தூரம் ஏறியதுமே பை இறுகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு ஏறியபோது, அம்மாவின் நடையில் ஒரு சத்தம் குறைந்ததை என் பாதம் கவனித்தது. பின்னங்கால் இரண்டும் தரையில் படவில்லை.

"அம்மா, கால்."

"என் காலுக்கென்ன? லேசா இருக்கு. மலை ஏறினா அப்படித்தான்."

எங்கள் பள்ளத்தில் எல்லாமே ஒரே சூடு, ஆகவே சூடான மூச்சுக்கு அங்கே வேலை இல்லை. சரிவிலோ ஏற ஏறக் குளிர். பைக்குள் இரண்டு நாள் கொதித்த மூச்சு. அது மேலே போகத்தான் துடிக்கும். இதெல்லாம் இப்போது வக்கணையாகச் சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பாதித் தூரத்தில் அம்மாவின் ஆறு கால்களில் இரண்டுதான் தரையில் இருந்தன என்பதும், அவள் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கௌரவமாக நடக்க முயன்றாள் என்பதும்தான்.

சரியாக அப்போது பெருங்கல் சாமி கால் மாற்றி உட்கார்ந்தார்.

தளர்ச்சி வந்ததும் பை ஒரு முறை விம்மியது. அம்மா எழும்பினாள். சத்தமே இல்லாமல், ஒரு வார்த்தைகூடப் பேசாமல், எங்கள் நடுவிலிருந்து கிளம்பி மேலே போனாள். அப்பா பானையை விட்டுவிட்டு அவளுடைய பின்னங்காலைப் பிடித்தார். அப்பாவும் கிளம்பினார். நான் அப்பாவின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு, மீதி ஐந்து காலையும் உப்புக் கயிற்றில் சுற்றினேன். அப்படியே நின்றோம், ஒரு குடும்பமே செங்குத்தாக.

"கொதும்பா, கனமா யோசி," என்றார் அப்பா தொங்கியபடியே.

"நீங்க சாப்பிட்டதெல்லாம் எங்க போச்சு? உங்க கனம் எதுக்குத்தான் ஆகும்?" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

நான் பல்லால் கயிற்றைக் கடித்து மூன்று முறை இழுத்தேன். கயிறு வாழ்நாளில் முதல் தடவையாக யாரும் மேலேயிருந்து இழுக்காமலே மேல்நோக்கிப் போனதை மேலே ஒருவன் உணர்ந்திருக்க வேண்டும். மூட்டையில்லாத வெறுங்கயிற்றில் வழுக்கிக்கொண்டு இசீல் வந்து சேர்ந்தான். பின்னாலேயே ஹிலு மாமா, புலம்பிக்கொண்டு. இசீல் என்னைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி அம்மாவிடம் ஏறினான். அவனுக்கு அந்த உயரமும் தளர்ச்சியும் பழக்கம். பையின் மேல் ஒரு காலை வைத்ததும் அசையாமல் நின்றான்.

"அத்தை, தோல் கிழியப் போகுது. இப்பவே அவுத்துடுங்க."

"உங்க வீட்டு வாசல்லதான் அவுப்பேன்."

"வாசல் வரைக்கும் தாங்காது அத்தை. நாலு அடி ஏறினா வெடிச்சுடும்."

"வெடிக்காது. நான் கட்டினது."

ஹிலு மாமா கீழேயிருந்து, கால் பை என்று தான் எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்பதை யாருக்கென்று இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் அம்மாவுக்கு இன்னும் பிடிவாதம் ஏறியது. பையின் தோல் கிறீச்சிடும் சத்தம் அவள் உடம்பு வழியாக, அப்பாவின் உடம்பு வழியாக, என் காலுக்கு வந்தது. அது கிழிந்தால் நான் கீழே போய்க் கல்லின் அடியில் படுக்க வேண்டும். இசீல் மேலே போய் இரண்டு முறை மட்டும் இழுக்க வேண்டும், ஆயுள் முழுக்க. அதைவிட மோசம், பை கிழிந்தால் அதோடு கட்டியிருக்கும் அம்மா.

அப்போதுதான் எனக்கு மொக்டா அத்தையின் நினைவு வந்தது.

"அம்மா, இங்கயே அவுத்துடு."

"பைத்தியமா ஒனக்கு? இங்க அவுத்தா இதுதாண்டி ஒனக்கு வீடு. இந்தச் சரிவுல, இந்தக் கயித்து மேலயா குடும்பம் நடத்துவ?"

"நடத்துறேன். மொக்டா அத்தை கெடங்குல நடத்தலயா?"

"அவளே அழுதா."

"மாமாதான் அழுதாரு. அத்தை அழல."

பை மறுபடி கிறீச்சிட்டது. நான் கத்தவில்லை, கத்தினால் அவளுக்குப் பிடிக்காது. களி வேகும்போது பேசுவது போல மெதுவாகச் சொன்னேன்.

"யோசிச்சுக்கோம்மா. மேல அவுத்தா நீ வர முடியாது. கீழ திரும்பினா இவர் வர முடியாது. இது பாதி வழி. இங்கன்னா நீ வந்து போகலாம். இறுக்கம் தொடங்கினதும் கெளம்பினா, தெருவுல நின்னு பேசாம வந்தா, அடுத்த தளர்ச்சிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்."

அம்மா தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கணக்குப் போட்டாள். எங்கள் ஊரில் யாரும் இவ்வளவு உயரத்தில், இவ்வளவு லேசாக இருந்துகொண்டு, இவ்வளவு கனமான விஷயத்தை யோசித்திருக்க மாட்டார்கள்.

"தெனமும் வரலாமா?" என்றாள்.

இசீல் ஒரு நொடி தயங்கினான். அந்தத் தயக்கத்தை நான் இன்றுவரை அவனுக்கு நினைவுபடுத்துகிறேன்.

"தெனமும் வாங்க அத்தை," என்றான்.

"சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

"சாப்பிடுங்க அத்தை."

"உங்க ஊரு களி எனக்கு ஆகாது. நானே கொண்டாருவேன்."

"கொண்டாங்க அத்தை, முதல்ல அவுத்துடுங்க."

அம்மா முடிச்சை அவிழ்த்தாள்.

அடுத்து நடந்ததை எங்கள் குடும்பத்தில் யாரும் அம்மாவின் முன்னால் சொல்வதில்லை. பையிலிருந்து சீறி வந்த மூச்சின் வேகத்தில் அம்மா எதிர்ப்பக்கமாகக் கிளம்பி, கயிற்றை மூன்று முறை சுற்றி வந்தாள். முதல் சுற்றில் இசீலைத் தட்டிவிட்டாள். இரண்டாம் சுற்றில் ஹிலு மாமாவின் மேல் மோதினாள். மூன்றாம் சுற்றில் அப்பா பிடியை விட்டுவிட்டார், தெரியாமலா தெரிந்தா என்று இப்போதும் வாக்குவாதம் உண்டு. கடைசியில் பாறை இடுக்கில், உப்புப் பானைக்குப் பக்கத்தில், ஆறு காலும் விரிய வந்து படுத்தாள். நான் ஓடிப்போய்த் தொட்டேன். ஓட்டில் ஒரு கீறலும் இல்லை. நடுவில் மட்டும் ஒரு சின்ன மேடு எழுந்திருந்தது.

அதை அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே ஒரு காலால் தடவினாள். கொஞ்ச நேரம் காலை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டு மூச்சு சரிவெங்கும் பரவியது. கந்தகக் கூழும் ஈயக் களியும், அப்பாவின் கிண்ணமும், நான் தூங்கிய கல்லும் எல்லாம் அதில் இருந்தன. ஹிலு மாமா புலம்பலை நிறுத்தினார். எங்கள் பள்ளத்தில் அவர் நுகர்ந்தது அமுக்கிச் சுருங்கிய வாசனை. இது விரிந்த வாசனை. அவர் மெல்ல ஒரு முறை இழுத்தார், இன்னொரு முறை இழுத்தார்.

"கால் பைக்கு இவ்வளவு வாசம் வராதுதான்," என்றார்.

அம்மா படுத்தபடியே, "அப்பவே சொன்னேன்ல," என்றாள்.

நாங்கள் அந்தப் பாறை இடுக்கில்தான் குடியிருக்கிறோம். தரை சாய்வு. களி வைத்தால் கிண்ணத்தின் ஒரு பக்கமாக ஒதுங்கும், அந்தப் பக்கத்தில் யார் உட்காருவது என்று சண்டை. திட்டுக்காரர்கள் எங்களைப் பள்ளத்துக்காரர்கள் என்கிறார்கள், பள்ளத்துக்காரர்கள் திட்டுக்காரர்கள் என்கிறார்கள். இசீல் இங்கே கொஞ்சம் தட்டையாகியிருக்கிறான், நான் கொஞ்சம் உருண்டிருக்கிறேன். ஒருவர் முதுகை ஒருவர் அமுக்கும்போது எது யாருடைய மேடு என்று குழப்பமாக இருக்கிறது. கயிற்றின் பாதியில் வீடு இருப்பதால் மேலேயும் கீழேயும் மூட்டை மாற்றும் வேலை எங்களுடையது.

பள்ளத்துக் கயிற்றடியில் என் இடத்தில் இப்போது அம்மா வேலை செய்கிறாள். வீட்டில் பொழுது போகவில்லை என்று காரணம். இரண்டு முறைதான் இழுக்க வேண்டும் என்று அவளுக்குப் பல தடவை சொல்லியாயிற்று. ஐந்து முறை இழுக்கிறாள், சில நாள் ஏழு. என்ன அர்த்தம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"சாப்பிட்டியான்னு கேக்குறேன். வேற என்ன?" என்றாள்.

இப்போதும் கயிறு இழுபடுகிறது. ஆறு, ஏழு. களி அடுப்பில் இருக்கிறது, இன்னும் சாப்பிடவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த மூட்டையில் அவளே ஏறி வந்துவிடுவாள். இசீல் கயிற்றைப் பிடித்து, சாப்பிட்டாயிற்று என்று இரண்டு முறை இழுக்கிறான். நான் அவனைத் தள்ளிவிட்டு மூன்றாவதையும் இழுக்கிறேன்.